ஒத்த ஆளுக்கு ரூம் கிடையாது

மதுரையில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, ராத்திரித் துணைக்கு வீட்டில் ஆள் இல்லை என்றால் பாண்டீஸ்வரிக்குப் போன் வரும். அவள் ஒரு கூடையில் போர்வையும் பிளாஸ்க்கும் போட்டுக்கொண்டு ஆனையூரிலிருந்து பஸ் ஏறுவாள். வார்டு வாசலில் நின்று இரண்டு கையிலும் உள்ள கண்ணாடி வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்ட பிறகுதான் உள்ளே போவாள். வளையல் கிணுங்கினால் நோயாளிக்குத் தூக்கம் கெடும். அப்புறம் விடிகிற வரைக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து சலைன் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தண்ணீர் கேட்டால் கொடுக்க வேண்டும், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், மூச்சு ஒரு மாதிரி இழுத்தால் நர்ஸைக் கூப்பிட ஓட வேண்டும். கல்யாணமாகிப் போன மகள்களுக்கும் வெளிநாட்டு மகன்களுக்கும் பதிலாக ஊர் முழுக்க அவள்தான் கண்முழித்தாள்.

அவளுடைய புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பத்தோடு தங்கிவிட்டான். தாலியும் வளையலும் அவளிடம் அப்படியே இருந்தன, ஆள்தான் இல்லை. மகன் அசோக்குமாரைப் படிக்க வைத்தது, கல்யாணம் செய்து வைத்தது எல்லாம் இந்தக் கண்முழிப்பில்தான். இதைச் சொல்லிக் காட்டுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. சொல்லக்கூடத் தெம்பில்லை என்பதுதான் சரி.

கடைசியாகத் திருநகரில் ஒரு வீட்டோடு இருந்தாள். படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு அம்மாவுக்கு ராப்பகல் துணை. இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்த அம்மா போன மாதம் போய்ச் சேர்ந்தாள். காரியம் முடிந்ததும் அந்த வீட்டார் ஒரு சேலை எடுத்துக் கொடுத்து, நன்றாகவே பேசி அனுப்பி வைத்தார்கள். பாண்டீஸ்வரி கூடையோடு வீட்டுக்கு வந்தாள்.

வந்த பிறகுதான் தெரிந்தது, வீட்டில் அவளுக்குப் படுக்க இடமில்லை.

யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. ஒரு ஹாலும் ஒரு அறையும் உள்ள வாடகை வீடு. ஹாலில் கதவோரம் அவள் பாய் விரிக்கும் இடத்தில் இப்போது அசோக்குமாரின் புது பைக் நின்றது. தெருவில் நிறுத்தினால் களவு போய்விடும் என்று ராத்திரியானால் உள்ளே ஏற்றிவிடுகிறான். பகலில் படுக்கலாம் என்றால், உள்ளறையில் மருமகள் ரோகிணி தையல் மிஷின் போட்டிருந்தாள். நல்ல பெண்தான். 'அத்தை, தூங்குங்க, நா மெதுவாத் தைக்கிறேன்' என்பாள். தையல் மிஷினை எப்படி மெதுவாகத் தைப்பது?

சக்கரத்துக்கு அடியில் காலை மடக்கிக்கொண்டு, பெட்ரோல் வாடையில், பாண்டீஸ்வரி கொஞ்ச நாள் படுத்துப் பார்த்தாள். கண் எரிந்தது. தலைக்குள் யாரோ அம்மி அரைத்துக்கொண்டே இருக்கிற மாதிரி இருந்தது. ஒருநாள் காலையில் எழுந்து, தலையை முடிந்துகொண்டு, 'அழகருக்கு நேந்திருக்கேன். போயி ரெண்டு நாள் மடத்துல தங்கிட்டு வாரேன்' என்றாள்.

'என்னம்மா திடீர்னு?' என்றான் அசோக்குமார்.

'நேத்திக்கடன்டா. அதுக்கெல்லாம் சொல்லிக்கிட்டா இருப்பாக?'

அவள் எதையும் நேர்ந்திருக்கவில்லை. அவளுக்கு வேண்டியது தூக்கம். ஒரே ஒரு நாள், யாரும் கூப்பிடாமல், காலை நீட்டி, தானாக விழிப்பு வருகிற வரைக்கும் தூங்க வேண்டும். அழகர்கோவில் போகிற வழியில் கஞ்சிச்சாமி மடம் இருக்கிறது. அசோக்குமாருக்கு மொட்டை போட வந்தபோது அங்கே தங்கியிருக்கிறாள். அந்தச் சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி மட்டும் முதுகில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மடத்தில் காவி வேட்டிக்காரர்கள் சிலர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். வாசல் மேஜையில் மேனேஜர் விருமாண்டி உட்கார்ந்திருந்தார். பெரிய மீசை, பெரிய விபூதிப் பட்டை.

'கூட யாரும்மா?'

'ஒத்தையாத்தான் வந்திருக்கேண்ணே.'

'ஒத்த ஆளுக்கு ரூம் கிடையாதும்மா.'

'ஏண்ணே, என்னையப் பாத்தா களவாணி மாதிரியா இருக்கு?'

'களவாணின்னாக்கூடக் குடுத்துருவேன். இங்க என்ன இருக்கு, பாயைத்தான தூக்கிட்டுப் போவான்? தனியா வர்ற ஆளு என்ன நெனப்புல வருதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு தடவ பட்டாச்சு. ஒரு ஆளு வந்துச்சு, சிரிச்சுத்தான் பேசுச்சு. காலையில கதவத் தட்டுனா தெறக்கல. போலீசு, கேசுன்னு அலைஞ்சதுகூட பரவால்ல. எங்க மடத்துப் பெரிய சாமிக்கு ஒரு மாசம் சோறு எறங்கல தாயி.'

பாண்டீஸ்வரிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. 'நா சாக வரலண்ணே. தூங்க வந்திருக்கேன்.'

'எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாக' என்றார் விருமாண்டி. அவர் முகத்தில் கோபம் இல்லை, அதனால் சண்டை போடவும் வழியில்லை. 'மத்தியானம் சாப்பாடு போடுவோம், வந்து சாப்பிடு. துணைக்கு யாரையாச்சும் கூட்டிட்டு வா, ரூம் தாரேன்.'

துணை! ஊருக்கெல்லாம் துணைக்குப் போன பாண்டீஸ்வரிக்குத் துணை இல்லை என்று ரூம் இல்லையாம். இந்தக் கொடுமையை அழகரிடம்தான் சொல்ல வேண்டும். ஆனால் கோவில் வரைக்கும் நடக்கக் காலில் வலு இல்லை. நின்ற இடத்திலிருந்தே கோபுரம் இருக்கும் திசையில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, எதிரே தெரிந்த பூங்காவுக்குள் போனாள்.

பூங்கா என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கொஞ்சம் செம்பருத்தி, கொஞ்சம் அரளி, பெயிண்ட் உரிந்த ஒரு சறுக்கு மரம், தண்ணீர் இல்லாத ஒரு நீரூற்று. ஆனால் புங்கமரத்தடியில் நீளமான பெஞ்ச் ஒன்று இருந்தது. நல்ல நிழல். கூடையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்தாள். கண் செருகும் நேரத்தில் விசில் சத்தம் காதைக் கிழித்தது.

'யம்மா, எந்திரி எந்திரி. இங்க படுக்கக் கூடாது' என்றார் வாட்ச்மேன்.

'கொஞ்ச நேரம்ணே.'

'உக்காரலாம், படுக்கக் கூடாது. ரூல்ஸு.'

'உக்காந்து உக்காந்துதாண்ணே இம்புட்டு வருசம் போச்சு.'

அது அவருக்குப் புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. அரளிச் செடிக்குப் பின்னால் ஒரு ஜோடி ரொம்ப நேரமாக இழைந்துகொண்டிருந்தது. அவர்களைப் பார்த்து விசில் ஊத மனசில்லாத புண்ணியவான், கிழடு தட்டின ஒருத்தி கண்ணை மூடினதும் ஓடி வந்துவிட்டார். படுக்க இடம் உள்ள மடத்தில் துணை கேட்கிறார்கள், துணை கேட்காத பூங்காவில் உட்காரத்தான் விடுகிறார்கள். பாண்டீஸ்வரி எழுந்து உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

அடுத்த மரத்தடிப் பெஞ்சில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. நாற்பதைத் தாண்டிய ஒரு பெண், நல்ல காட்டன் சேலை, மடியில் பை. கண் இரண்டும் வீங்கியிருந்தது.

'என்னையும் இப்பத்தான்க்கா எழுப்பி விட்டாரு' என்றாள்.

அவள் பெயர் தாமரைச்செல்வி, ஊர் திண்டுக்கல். நேற்று மதுரையில் இறங்கி இரண்டு லாட்ஜில் கேட்டாளாம். தனியாக வந்த பொம்பளை என்று இரண்டிலும் இல்லை என்றுவிட்டார்கள். ராத்திரி முழுக்கப் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, காலையில் முதல் பஸ்ஸில் இங்கே வந்திருக்கிறாள். எதற்கு வந்தாள் என்று அவளும் சொல்லவில்லை, பாண்டீஸ்வரியும் கேட்கவில்லை. மடத்துக் கதையைச் சொன்னதும் தாமரைச்செல்வி கொஞ்சம் யோசித்தாள்.

'ரெண்டு பேரும் சேந்து போவம்க்கா. நீங்க அக்கா, நா சித்தி மக.'

'மடத்துல போயிப் பொய் சொல்றதா?'

'தூங்கத்தானக்கா சொல்றோம்.'

அந்த வார்த்தையில் பாண்டீஸ்வரி விழுந்துவிட்டாள்.

விருமாண்டி இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். 'தங்கச்சி அடுத்த பஸ்ல வந்தாண்ணே' என்று பாண்டீஸ்வரி சொன்னபோது அவளுக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. 'இத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல' என்று சாவியை எடுத்துக் கொடுத்தார்.

சாம்பாரும் ரசமும் மோருமாக மத்தியானச் சாப்பாடு. பாண்டீஸ்வரி வயிறாரச் சாப்பிட்டாள். தாமரைச்செல்வி சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தாள். இலையில் வைத்த கேசரியைத் தொடாமல் பக்கத்தில் இருந்த குழந்தைக்கு எடுத்து வைத்தாள். பரிமாறிய காவிக்காரரிடம், 'இங்க கெணறு இருக்கா சாமி?' என்று கேட்டாள். பின்பக்கம் இருக்கிறது என்றார் அவர்.

அங்கேதான் பாண்டீஸ்வரிக்கு முதல் உறுத்தல்.

அறைக்கு வந்ததும் தாமரைச்செல்வி போனை எடுத்து அணைத்துப் பைக்குள் போட்டாள். பை வாய் திறந்தபோது மாத்திரை அட்டை ஒன்று தெரிந்தது. அப்புறம் பாயில் மல்லாந்து படுத்து, ஓடாத மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எத்தனை பேரைப் பாண்டீஸ்வரி வார்டில் பார்த்திருக்கிறாள்! மருந்தைக் குடித்துவிட்டு வந்து, வயிற்றைக் கழுவி, கட்டிலில் கையைக் கட்டிப் போட்டிருப்பார்கள். கண் திறந்ததும் அவர்கள் விட்டத்தைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதே பார்வை இவளுக்கு. விருமாண்டி சொன்னது சரிதான். சிரித்துத்தான் பேசுவார்கள்.

பாண்டீஸ்வரி தன் வழக்கப்படி வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்தாள். புது இடம் என்பதால் தோட்டையும் கழற்றி அதோடு சேர்த்தாள். ஆதார் கார்டை எடுத்துக் கூடைக்கு மேலே வைத்தாள். அதன் பின்பக்கம் மகனுடைய போன் நம்பரை ஒட்டியிருந்தாள். ஆஸ்பத்திரியே கதி என்று இருப்பவர்களுக்கு அது ஒரு பழக்கம். வழியில் தனக்கு ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று தேடக் கூடாதில்லையா. பிறகு சுவர்ப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள்.

படுத்தாள் என்றுதான் பேர். தரை குளிர்ச்சியாக இருந்தது. உடம்பு அந்தக் குளிர்ச்சியில் அப்படியே கரைந்துவிடத் துடித்தது. கண்ணை மூடினால் போதும். ஆனால் மூடுகிற நேரத்தில் இவள் எழுந்து போய்விட்டால்? ஒரு உயிர் இல்லையா? பாண்டீஸ்வரிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சண்டாளி, சாகிறதாக இருந்தால் வேறு யாரையாவது அக்காவாக்கியிருக்கக் கூடாதா? இருந்து இருந்து ஒரு நாள் தூங்க வந்தால், இங்கேயும் வந்து வேலை கொடுக்கிறாளே!

பாய் அசைந்தது. பாண்டீஸ்வரி அரைக்கண்ணால் பார்த்தாள். தாமரைச்செல்வி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

'தூக்கம் வரலியாக்கா?'

'வரும் வரும். நீ தூங்கு.'

'நீங்க மொதல்ல தூங்குங்க.'

'எனக்கென்ன அவசரம். நீ கண்ண மூடு.'

இப்படியே மத்தியானம் போயிற்று. ஜன்னலில் வெயில் மஞ்சளாகி, கூடையின் மேல் ஏறி, சுவரில் மறைந்தது. பாண்டீஸ்வரி தொடையைக் கிள்ளிக் கிள்ளி விழித்திருந்தாள். அடிவானம் இருட்டத் தொடங்கிய நேரம், தாமரைச்செல்வி மெல்ல எழுந்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். கதவைச் சத்தமில்லாமல் திறந்து வெளியே போனாள்.

பாண்டீஸ்வரிக்கு எழுந்த வேகத்தில் தலை சுற்றியது, சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள். நடையின் கோடியில் வலது பக்கம் திரும்பினால் கிணறு. 'அழகரே, என் கையில ஒரு உசுர ஒப்படைச்சிட்டியே' என்று மனசுக்குள் அலறினாள். கத்துவதற்கு வாயைத் திறந்தாள்.

தாமரைச்செல்வி வலது பக்கம் திரும்பவில்லை. நேரே வாசல் மேஜைக்குப் போய் விருமாண்டி முன்னால் நின்றாள்.

'அண்ணே, கொஞ்சம் வந்து அந்தக்காவப் பாருங்க. எனக்குப் பயமா இருக்கு. வளையலக் கழட்டிட்டாங்க, தோட்டக் கழட்டிட்டாங்க. எல்லாத்தயும் முடிஞ்சு வச்சுட்டு, ஆதார் கார்ட வேற மேல எடுத்து வச்சிருக்காங்க. மத்தியானத்துலருந்து ஒரு பொட்டுத் தூங்கல. என்னையத் தூங்கு தூங்குன்னு வெரட்டுறாங்க. நா கண்ண மூடுனா என்னமோ பண்ணிக்கிருவாங்கண்ணே.'

'அடிப்பாவி!' என்றாள் பாண்டீஸ்வரி தூணுக்குப் பின்னாலிருந்து. 'நானா? கெணறு எங்கன்னு கேட்டது நீயா நானா?'

'குளிக்கக் கேட்டேன்க்கா! ராத்திரியெல்லாம் பஸ் ஸ்டாண்டுல கெடந்தேன், மேலு கசகசன்னு இருந்துச்சு.'

'மாத்தர?'

'பிரசர் மாத்தர.'

'ஃபேனையே பாத்துக்கிட்டுக் கெடந்தியே?'

'ஓடலியேன்னு பாத்தேன்!'

விருமாண்டி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மீசையைத் தடவினார். 'அப்ப நீங்க அக்கா தங்கச்சி இல்ல.'

இருவரும் தரையைப் பார்த்தார்கள். இனிக் கூடையைத் தூக்க வேண்டியதுதான் என்று பாண்டீஸ்வரி நினைத்தாள். இந்த நேரத்தில் பஸ் ஏறி, மறுபடியும் அந்தச் சக்கரத்தடிக்குப் போக வேண்டும். அங்கிருந்த திண்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

'பொய் சொல்லி ரூம் வாங்குனதுக்கு ரெண்டு பேரையும் வெளியதான் அனுப்பணும்' என்றார் விருமாண்டி. 'ஆனா ஒருத்திக்கு ஒருத்தி காவலிருந்தவுகள வெரட்டுனா எங்க சாமி என்னைய மடத்த விட்டே வெரட்டிரும். போங்க. போயித் தொலைஞ்சு தூங்குங்க. காலையில காப்பிக்கு ரெண்டு தலையும் இங்க வந்து நிக்கணும், ஆமா.' வேலைக்கார பையனைக் கூப்பிட்டால் நேரமாகும் என்று அவரே வந்து மின்விசிறியை ஒரு கம்பால் தள்ளிவிட்டார். அது முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது.

அறையில் தாமரைச்செல்வி தன் கதையைச் சொன்னாள். நாளைக்கு அவள் புருஷனுக்குத் திதி. ஒவ்வொரு வருஷமும் அன்றைக்குச் சொந்தக்காரர்கள் திரண்டு வந்து அழுவார்கள். வந்தவர்களுக்குச் சமைத்து, காப்பி போட்டு, அவர்களைத் தேற்றி அனுப்புவதற்குள் அவளுக்கு இடுப்பு ஒடிந்துவிடும். 'அவர நெனைக்கக்கூட நேரம் இருக்காதுக்கா. இந்த வருசம் போன அமத்தி வச்சிட்டு ஓடி வந்துட்டேன்.'

'நல்ல வேல செஞ்ச' என்றாள் பாண்டீஸ்வரி. பிறகு வளையல் கழற்றுவது ஏன் என்று தன் கதையைச் சொன்னாள். பைக் நிற்கிற இடத்தையும் சொன்னாள்.

கேட்டுக்கொண்டிருந்த தாமரைச்செல்வி, 'நேத்தும் தூங்கலியா, கண்ணு அப்படியே சொக்கிச்சுக்கா. நீங்க போயிருவீங்களோன்னு கையக் கிள்ளிக்கிட்டே கெடந்தேன்' என்று முழங்கையைக் காட்டினாள். அங்கே சிவந்து கிடந்தது.

பாண்டீஸ்வரி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தொடையிலும் அப்படித்தான் சிவந்திருக்கும். கண்ணில் தண்ணீர் முட்டியது. அம்மை போட்டபோதும், பிரசவத்தின்போதும், புருஷன் போன பிறகு காய்ச்சலில் கிடந்தபோதும், அவளுக்காக யாரும் கண்முழித்ததில்லை. 'எனக்காகவா முழிச்சிருந்த?' என்று கேட்டாள். கேட்டதும் அழுகை உடைந்துவிட்டது. தாமரைச்செல்வி தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள்.

பாண்டீஸ்வரியின் போன் அடித்தது. அசோக்குமார்.

'அம்மா, ஆஸ்பத்திரியிலருந்து கூப்பிட்டாங்க. ஒரு பெரியவருக்கு ராத்திரித் துணைக்கு ஆள் வேணுமாம். வர்றேன்னு சொல்லிரவா? நா வண்டிய எடுத்துட்டு வந்து உன்னைய ஏத்திக்கிறேன்.'

இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு போனுக்கு அவள் முடியாது என்று சொன்னதில்லை. வாய் தானாக 'சரி' என்று சொல்லப் போயிற்று. பாயைப் பார்த்தாள்.

'வேற ஆளப் பாக்கச் சொல்லுடா. நா தூங்கப் போறேன்.'

'தூங்கவா?' அவனுக்குப் புரிய நேரமானது. 'ஒடம்பு சரியில்லையாம்மா? தனியாவா கெடக்க அங்க?'

'தனியா இல்ல. துணைக்கு ஆளு இருக்கு' என்றாள். 'அசோக்கு, நாளைக் கழிச்சு வாரேன். வர்றதுக்குள்ள வண்டியத் தெருவுல நிப்பாட்டிப் பழகு. அந்த எடத்துல நா படுக்கணும்.'

'சரிம்மா' என்று மறுமுனையில் மெல்லக் கேட்டது. அவள் போனை வைத்தாள்.

'நீங்க தூங்குங்கக்கா. நீங்க அசருற வரைக்கும் நா முழிச்சிருக்கேன்' என்றாள் தாமரைச்செல்வி. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே கண் செருகிவிட்டது. வாய் லேசாகத் திறந்து, குறட்டை வந்தது.

பாண்டீஸ்வரி கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தாள். வளையல்களை ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு கையிலும் போட்டுக்கொண்டாள். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள். புரண்டபோது வளையல்கள் கலகலவென்று கிணுங்கின. அந்தச் சத்தத்துக்கு யாரும் முனகவில்லை, யாரும் தண்ணீர் கேட்கவில்லை. இன்னொரு தரம் வேண்டுமென்றே புரண்டு, காலை நன்றாக நீட்டிக்கொண்டாள்.